பாரிமுனையில் ஒரு பேரேடு

சென்னையில் உத்தியோகம் பார்க்கிறவர் யாராக இருந்தாலும் பாரிமுனைக்கு ஒரு தடவையாவது வந்தே தீர வேண்டும். கோர்ட்டு வேலையா, கல்யாணப் பத்திரிகையா, ஆபீஸுக்கு மொத்த விலையில் பேனா பென்சிலா... எல்லாவற்றுக்கும் ஒரே விலாசம். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து, இறங்கி, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் தப்பித்தோம் பிழைத்தோம் என்று ஓடியிருப்பீர்கள்.

அது திங்கள் முதல் சனி வரையிலான பாரிமுனை. அதில் உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் முன்னால் போகிறவரின் முதுகு மட்டும்தான். கடைகளுக்கு மேலே மாடி இருக்கிறது, மாடியில் மரக் கிராதி வைத்த பால்கனி இருக்கிறது, அதில் ஒரு பாட்டியின் புடவை காய்கிறது... யார் கண்டது? அண்ணாந்து பார்த்தால் "ஓரம் போ, ஓரம் போ!" என்று மீன்பாடி வண்டி வந்து இடுப்பில் இடிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குப் போய்ப் பாருங்கள். ஷட்டர் இறங்கிய பிறகுதான் ஜார்ஜ் டவுனுக்கு ஒரு முகம் இருப்பதே தெரியும்.

அந்த முகத்தை வாரா வாரம் உட்கார்ந்து வரைகிற ஒருவரோடு சில ஞாயிறுகள் சுற்றினேன். "பேர் மட்டும் போட்டுடாதீங்க தம்பி. ஆபீஸ்ல ரவிவர்மான்னு கூப்பிட ஆரம்பிச்சுடுவாங்க" என்று கேட்டுக்கொண்டார். எனவே, லெட்ஜர் அண்ணன் என்று வைத்துக்கொள்வோம்.

பெயர்க் காரணம் சொல்லிவிடுகிறேன். அண்ணன் 1989-ல் பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஏஜென்ஸியில் கிளார்க்காகச் சேர்ந்தார். துறைமுகத்தில் இறங்குகிற சரக்குக்குக் கணக்கு எழுதுகிற வேலை. முத்து முத்தான கையெழுத்து. அதற்காகவே வேலை கொடுத்தார்களாம். ஒன்பது வருஷம் பேரேடு எழுதினார். 1998-ல் அவர் மேஜைக்கு கம்ப்யூட்டர் வந்தது. வேலை போகவில்லை, சம்பளம் குறையவில்லை. பேனாவுக்குத்தான் கட்டாய ஓய்வு.

"பாக்கெட்ல பேனா இருக்கு. ஆனா கைக்கு வேலை இல்லை. விரல் நமநமன்னு இருக்கும் தம்பி."

கோடவுனில் ஒரு எழுத்துகூட விழாத ஒன்பது பேரேடுகள் மிச்சம். எடைக்குப் போடச் சொன்னார் மேனேஜர். எடைக்கு எடை காசு கொடுத்து அண்ணனே வாங்கிக்கொண்டார். அதில்தான் இந்தப் படங்கள். காலிகோ அட்டை, பக்கத்துக்குப் பக்கம் சிவப்புக் கோடு, மேலே இடது பக்கம் 'பற்று', வலது பக்கம் 'வரவு'. அந்தக் கோடுகளின் மேலேயே பேனாவால் வரைந்து, வாட்டர் கலர் பூசுகிறார். இப்போது ஆறாவது பேரேடு ஓடுகிறது.

பி.காம். படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். உள்ளே வருவதைப் பற்று வை, வெளியே போவதை வரவு வை. அண்ணன் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். அன்றைக்கு அவருக்குள் வந்தது எதுவோ அது இடது பக்கத்தில் படம். அதற்காக வெளியே போனது எதுவோ அது வலது பக்கத்தில் கணக்கு. ஒரு சாம்பிள்:

'பூட்டு (பித்தளை, பெரிசு). போனது: 35 நிமிஷம், டீ 2, முதுகுவலி.'

"பற்றுன்னா டெபிட் மட்டும்தானா தம்பி?" என்று கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். பி.காம். மூன்று வருஷத்தில் எந்தப் புரொபசரும் என்னிடம் இதைக் கேட்கவில்லை!

அண்ணனின் ஸ்டூடியோ ஒரு ஜோல்னாப் பையில் அடங்கிவிடும். மடக்கு ஸ்டூல், பேனா, இரண்டு பிரஷ், பழைய டானிக் பாட்டிலில் தண்ணீர், கர்ச்சீப், பன்னிரண்டு வில்லை கொண்ட கேமல் கலர் பெட்டி. ஸ்கூலில் நாம் எல்லோரும் வைத்திருந்த அதே கேமல்தான். அந்தக் கம்பெனி 1931-ல் மை தயாரிக்க ஆரம்பித்தபோது மார்க் ஒட்டகம் இல்லை, குதிரை! பேனாவுக்குள் மட்டும் தண்ணீரில் கரையாத மை. சாதாரண மையில் வரைந்துவிட்டு மேலே ஈரப் பிரஷ்ஷை வைத்தால், வரைந்த வீடு மழையில் நனைந்த மாதிரி வழிந்துவிடும். முதல் பேரேட்டில் பாதி அப்படி வழிந்ததுதான்.

முதல் ஞாயிறு ஐகோர்ட்டுக்கு எதிரே. 1892-ல் திறந்த கட்டடம். செக்கச்செவேல் என்ற சுவர், கூம்பு கூம்பாக மாடம், குமிழ் குமிழாகக் கும்மட்டம். நடுவில் உயர்ந்து நிற்கிற கும்மட்டத்தில் 1894-லிருந்து லைட்ஹவுஸ் விளக்கு எரிந்தது. 1977-ல் மெரினாவில் இப்போதைய லைட்ஹவுஸ் வந்த பிறகுதான் அதற்கு ஓய்வு. ஒரு பக்கம் தீர்ப்பு, மேலே கப்பலுக்கு வெளிச்சம்! 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னை மேல் குண்டு போட்டதற்கான கல்வெட்டும் இந்தச் சுவரில்தான் இருக்கிறது. "அவன் பெரிய எம்டன்!" என்று நாம் சொல்கிறோமே, அந்தக் கப்பல் விட்டுவிட்டுப் போன வார்த்தை அது.

இத்தனையும் எதிரே நிற்கிறது. அண்ணன் என்ன வரைந்தார் தெரியுமா? பிளாட்பாரத்தில் டைப் அடிக்கிறவர் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டுப் போன ஒரு மர மேஜை. ஒரு கால் குட்டை, அதற்கு அண்டைக் கொடுத்த ஒரு செங்கல். அதுதான் படம். ஐகோர்ட்டு பின்னால் கட்டை விரல் அளவுக்கு, நீர்த்த செம்மண் கலரில், போனால் போகிறது என்று நிற்கிறது.

"அண்ணே, இது அநியாயம்" என்றேன்.

"ஐகோர்ட்டை வரைய நூறு பேர் இருக்கான். இந்தச் செங்கல்லை யாரு வரைவா?"

அங்கிருந்து நடந்தால் ஆர்மேனியன் தெரு. ஆர்மேனியா தேசத்து வியாபாரிகள் வாழ்ந்த தெரு. 1772-ல் கட்டிய அவர்களுடைய சர்ச்சும் ஆறு பெரிய மணிகளும் இன்னமும் இருக்கின்றன. நம்மவர்கள் வாயில் 'ஆர்மேனியன்' நுழையவில்லை. அதனால் அது 'அரண்மனைக்காரன் தெரு' ஆகிவிட்டது! எந்த ராஜாவும் அங்கே இருந்ததில்லை.

அந்த ஆர்மேனிய வியாபாரிகளில் ஒருவர் உஸ்கான். 1726-ல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் சொந்தக் காசில் பாலம் கட்டியவர். அறுபத்தாறு வருஷம் கழித்து, 1792-ல் தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்று இரண்டு இங்கிலாந்து ஓவியர்கள் மதராஸுக்கு வந்தார்கள். சித்தப்பாவும் அண்ணன் மகனும். போகிற இடத்திலெல்லாம் உட்கார்ந்து பென்சிலிலும் வாட்டர் கலரிலும் வரைவார்கள். இந்தப் பாலத்தையும் வரைந்தார்கள். உஸ்கானின் பாலம் இப்போது கிடையாது. அந்த இடத்தில் 1966-ல் மறைமலை அடிகள் பாலம் வந்துவிட்டது. காகிதத்தில் உள்ள பாலம் மட்டும் பத்திரமாக இருக்கிறது. கல்லைவிடக் காகிதம் ஆயுசு கெட்டி என்று யார் நினைத்தார்கள்?

காகிதம் என்றதும் அடுத்தது ஆண்டர்சன் தெருதான். தெரு பூராவும் பேப்பர் கடை. ஜார்ஜ் டவுனின் விசேஷமே இதுதான். ஒரு தெருவுக்கு ஒரு சரக்கு. கோடவுன் தெரு என்றால் துணி. பந்தர் தெரு என்றால் ஸ்டேஷனரி. தேவராஜ முதலி தெரு என்றால் கண்ணாடி. காசி செட்டி தெரு என்றால் ஃபேன்ஸி சாமான். பக்கத்துக் கடைக்காரன் அதே சரக்கை விற்றால் வியாபாரம் படுக்காதோ? படுக்காது. ஊரே அந்தச் சரக்குக்கு அந்தத் தெருவுக்குத்தான் வரும். அவனிடம் இல்லாதது இவனிடம் கிடைக்கும். வாடிக்கை தெருவுக்கு, கடைக்கு இல்லை. ஆனால் சரக்கு இடம் மாறினால் தெருவின் ஜாதகமே மாறிவிடும். கொத்தவால் சாவடி என்றாலே காய்கறி என்று இருந்தது. 1996-ல் மொத்தக் கடைகளையும் கோயம்பேட்டுக்கு மாற்றினார்கள். அதன் பிறகு பிறந்த பையனிடம் கேளுங்கள், கொத்தவால் சாவடியா, அது எந்த ஸ்டேஷன் என்பான்.

ஆண்டர்சன் தெருவில் அண்ணன் வரைந்தது இறங்கிய ஷட்டர்களின் வரிசை. எல்லாம் ஒரே மாதிரிதானே என்று நினைத்தேன். ஒன்றில் துரு, ஒன்றில் சந்தனப் பொட்டு, ஒன்றில் எலுமிச்சம்பழமும் மிளகாயும், ஒன்றின் கீழே போன வருஷத்துக் காலண்டர் தாள். அரை மணி நேரம் கழித்து, கண்ணை மூடினாலும் எந்த ஷட்டரில் என்ன இருந்தது என்று என்னால் சொல்ல முடிந்தது. (நான் வரையவில்லை. என் உத்தியோகம் குடை பிடிப்பது.)

வாட்டர் கலரில் எனக்கு உடனே புரிந்த விஷயம் ஒன்று உண்டு. அதில் வெள்ளை என்று தனியாகப் பூசுவதில்லை. காகிதம்தான் வெள்ளை. வெயில் எங்கே படுகிறது என்பதை முதலிலேயே தீர்மானம் செய்து, அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிட வேண்டும். மறந்துபோய்ப் பூசிவிட்டால் போனது போனதுதான். ரிசர்வ் ஃபண்ட் கணக்கு! லாபத்தையெல்லாம் பங்கு பிரித்துவிட்டு அப்புறம் ரிசர்வைத் தேடினால் கிடைக்குமா?

இன்னொன்று, பேரேட்டுத் தாள் படம் போடச் செய்ததில்லை. மை ஊறாமல் இருக்க வழவழவென்று செய்த தாள். வாட்டர் கலர் ஓவியர்கள் சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள சொரசொரப்பான தாளாகக் கேட்பார்கள். இதில் தண்ணீர் கொஞ்சம் கூடினாலும் அப்பளம் மாதிரி நெளியும். அதனால் அண்ணனுடையது மெல்லிசாக ஒரே பூச்சு. அதுவும் கடல் பக்கத்திலேயே இருப்பதால் காற்றில் ஈரம், சீக்கிரம் காயாது. காய்கிற வரை பக்கத்தைத் திருப்ப முடியாது. சும்மா உட்கார வேண்டும்.

அந்தச் சும்மா நேரத்தில்தான் ஊர் வந்து பேசுகிறது.

"இதுக்கு எவ்ளோ சார் குடுப்பாங்க?" என்பது முதல் கேள்வி. ஒன்றும் கொடுக்க மாட்டார்கள் என்றால், ஒரு பரிதாபப் பார்வை.

"அங்கிள், நாய் நல்லா வரலை" என்றான் ஒரு பையன். "அது மாடு கண்ணா."

ஒரு பழைய வீட்டு வாசலில் மட்டும் ஒரு அம்மா பதறிக்கொண்டு வந்தார். "கார்ப்பரேஷனா? இடிக்கறதுக்கு அளவு எடுக்கறீங்களா?" பேரேட்டைப் புரட்டிக் காட்டி, பூட்டையும் மேஜையையும் செங்கல்லையும் காட்டிய பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. நமக்குப் பொழுதுபோக்கு, அவருக்கு அடிவயிற்றில் பகீர். ஒருவர் தன் வீட்டை உற்றுப் பார்த்தால் நல்லதுக்கு இருக்காது என்று ஊர் கற்றுவைத்திருக்கிறது.

அண்ணன் யாரிடமும் ஓவியம் படிக்கவில்லை. வாரப் பத்திரிகைகள்தான் ஸ்கூல். சில்பி கோயில் கோயிலாகப் போய் உட்கார்ந்து சிலைகளைப் பேனாக் கோட்டில் இறக்கியதையும், கோபுலு ஒரே கோட்டில் ஒரு ஆளின் ஊரையும் சுபாவத்தையும் சொன்னதையும் வெட்டி ஒட்டி வைத்திருக்கிறார். பின்னாளில் வலது கை முடங்கியபோது கோபுலு இடது கையால் வரைந்தார் என்பதை மட்டும் அடிக்கடி சொல்லிக்கொள்கிறார். "கை போனா இன்னொரு கை. எனக்கு வேலைதானே போகப்போகுது?" அடுத்த வருஷம் அண்ணனுக்கு ரிட்டயர்மென்ட்.

இப்போது சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். அது கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் நடந்தது.

வாரம் பூரா மூட்டை சுமக்கிற தெரு. அன்று ஓரத்தில் ஒரு கைவண்டி. அதன் மேல் ஒரு பெரியவர், முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்குகிறார். வண்டிக்கு வெளியே நீண்ட இரண்டு பாதங்கள், ஆரக்கால்களின் நிழல், சுவரில் பாதி வெயில். அண்ணன் பரபரவென்று ஸ்டூலைப் பிரித்தார். இருபத்தைந்து நிமிஷம். நான் பார்த்த வரையில் அவருடைய சிறந்த படம் அதுதான்.

பெரியவர் எழுந்துவிட்டார். "இன்னா சார் எய்தினு கீறே?"

அண்ணன் பெருமையாகக் காட்டினார். பெரியவர் வாங்கி, தள்ளிப் பிடித்து, ரொம்ப நேரம் பார்த்தார்.

"வண்டி சோக்கா கீது. ஆனா என்னிய ஏன் சார் தூங்க வச்சுட்டே? ஆறு நாளு இஸ்துனு, ஏயாவது நாளு படுத்துனு கீறேன். நீ அந்த ஏயாவது நாளத்தான் எய்தி வச்சுகீறே. என் பேத்தி பாத்தா இன்னா நெனைக்கும்? தாத்தா வெளியே போய்த் தூங்கினு கீதுன்னுதானே?"

நான் ஒரு சமாதானம் சொல்லப் போனேன். அண்ணன் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "நீங்க சொல்றது சரி பெரியவரே. தப்பு என்னுதுதான்."

பக்கத்தைக் கிழித்துக் கொடுப்பார் என்று பார்த்தேன். கிழிக்கவில்லை. படத்தின் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்தார். 'ரத்து' என்று எழுதி, தேதி போட்டு, இனிஷியல் போட்டார்.

"கணக்குப் புஸ்தகத்துல கிழிக்கக் கூடாது தம்பி. சுரண்டவும் கூடாது. அடிச்சுட்டுக் கையெழுத்துப் போடணும். தப்பு நடந்துச்சுங்கறதும் கணக்குதான்." பேனாவைப் பெரியவரிடம் நீட்டினார். "நீங்களும் ஒண்ணு போடுங்க." அவர் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, நிறுத்தி நிதானமாகத் தமிழில் போட்டார்.

பிறகு துண்டை முண்டாசாகக் கட்டினார். வண்டிக் கட்டையைப் பிடித்து முன்னால் சாய்ந்து நின்றார். உடனே நிமிர்ந்தார். "லோடு இல்லாம எப்டி சார்? ரெண்டு மூட்டை போடு."

அங்கேதான் சிக்கல். கண்ணுக்கு எதிரே இல்லாததை வரைவதில்லை என்பது அண்ணனின் ஒரே கொள்கை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவர் நேரே என்னிடம் வந்தார். என் பை, குடை, தண்ணீர் பாட்டில், அண்ணனின் ஜோல்னா எல்லாவற்றையும் தூக்கி வண்டியில் வைத்துக் கயிறு போட்டுக் கட்டினார்.

"இப்ப லோடு கீது. எய்து."

அடுத்த பக்கத்தில் அவர் வண்டி இழுக்கிறார். பின்னால் ஒரு குடை துருத்திக்கொண்டு நிற்கிறது. ஓவியம் என்று பார்த்தால் முதல் படத்தின் கால் தூசி பெறாது. கால் கோணல், சக்கரம் முட்டை. ஆனால் இதைப் பார்த்ததும் பெரியவருக்கு வாயெல்லாம் பல். வலது பக்கத்தில் அண்ணன் எழுதினார்: 'போனது: 1 மணி 10 நிமிஷம், டீ 3, கொஞ்சம் கர்வம்.'

அடுத்த ஞாயிறு அந்தப் படத்தைக் கலர் ஜெராக்ஸ் எடுத்து, லேமினேட் செய்து கொண்டுபோனார். பெரியவர் இல்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. ஊருக்குப் போயிருக்கார் என்கிறார்கள். இன்றைக்கும் அது அண்ணனின் ஜோல்னாவில் இருக்கிறது. பேரேட்டின் கடைசிப் பக்கத்தில், 'கொடுபட வேண்டியது' என்ற தலைப்பில் ஒரே ஒரு வரி: 'படம் 1.' எழுதாத பேரேடுகள் இன்னும் மூன்று இருக்கின்றன. அதற்குள் இந்தக் கணக்கு நேராக வேண்டும் என்பதுதான் அவருடைய கவலை.

நீங்களும் ஒரு ஞாயிறு போகலாம். எலெக்ட்ரிக் டிரெயின் என்றால் கடற்கரை ஸ்டேஷன், மெட்ரோ என்றால் ஐகோர்ட் அல்லது மண்ணடி. 2019-லிருந்து ஓடுகிறது. வெயில் ஏறுவதற்குள் முடித்துக்கொள்ளுங்கள். மாலையில் போனால் பர்மா பஜார் பக்கம் அத்தோவும் வாழைத்தண்டு சூப்பும் போனஸ். 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த நம்மவர்கள் கையோடு கொண்டுவந்த ருசி.

வரையத் தெரியாதா? அது ஒரு காரணமே இல்லை. இருந்த இடத்தில் உட்கார்ந்து கண்ணில் படுவதை வரைவதற்கென்றே 2007-ல் சியாட்டில் நகரத்துப் பத்திரிகை ஓவியர் கேப்ரியல் காம்பனாரியோ ஒரு கூட்டம் சேர்த்தார். இன்றைக்கு உலகம் பூரா அப்படி உட்காருகிறார்கள். அவர்களில் பாதிப் பேர் நம்மைப் போலத் திங்கட்கிழமை ஆபீஸ் போகிறவர்கள்தான். ஒரு பழைய நோட்டு, கரையாத மை, கேமல் பெட்டி போதும். முதலில் பூட்டு, டீ கிளாஸ் என்று அசையாத பொருளாகப் பாருங்கள்.

மனிதர்களை வரைவதாக இருந்தால் மட்டும், ஸ்டூலைப் பிரிப்பதற்கு முன்னால், அவர் விழித்திருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.